நாலு பேர் சொன்ன கதை

கற்பிட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மீனவர், வெயிலில் கறுத்த விரலை வரிவரியாக நகர்த்தி பைபிளில் நற்செய்தி வாசித்தார். உயிர்த்தெழுந்த அன்று இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் யாரென்பதிலேயே நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகவில்லையே, இதை வரலாறென்று எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொதித்துப்போனார். "எங்கட போட் கவிண்டு என்ட தம்பி செத்தான், சேர். தப்பின நாலு பேரும் நாலு விதமாச் சொன்னம் எண்டு விசாரணையில எங்களைப் பொய்யரெண்டாங்கள். அப்ப என்ட தம்பி சாகல்லையா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீங்கள் கண்ணால் கண்டவர்கள், நற்செய்திகளோ பல வருடங்கள் கழித்து எழுதப்பட்டவை என்ற பதில் என் வாய்வரை வந்தது. அது வாயிலேயே இருக்க, அவர் மாம்புரியில் இறங்கிப் போனார். அது சரியான பதில்தான். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.