வேப்பிலை இல்லாத வாசல்

வைத்திக்குப்பத்தில் வடிவேலின் காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் போதும், தாய்மார்கள் பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். காய்ச்சலும் கொப்புளமுமாகக் கிடக்கும் பிள்ளைக்குப் பெரியம்மையா, வெறும் சின்னம்மையா என்று பார்த்துச் சொல்வது பிரெஞ்சு சர்க்காரில் அவர் உத்தியோகம். உள்ளங்கையைப் பிரிப்பார், உள்ளங்காலைப் பார்ப்பார். அங்கேயும் கொப்புளம் அடர்ந்திருந்தால் பெரியம்மை. உடனே வண்டி, ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டகை. போன பிள்ளைகளில் திரும்பி வந்தது சொற்பம்.

வீடு வீடாக நுழைந்து தேடி அவருக்கு அலுத்துப்போயிற்று. அப்போது ஒரு யோசனை வந்தது பாருங்கள், பாழாய்ப்போன யோசனை! அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். ஆத்தா வந்திருக்கிறாள், யாரும் படியேறாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். வடிவேல் தெருவில் நின்றபடியே வேப்பிலையைத் தேடினார், வண்டியைக் கூப்பிட்டார். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை முதுகில் தட்டிக்கொடுத்தார்.

குப்பத்துச் சனம் என்ன முட்டாளா? வேப்பிலை கட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

மீன்காரி செல்வாம்பாளின் மகன் அம்மை போட்டு உள்ளே பாய் மறைவில் கிடந்தான். வாசலோ வெறும் வாசல். வடிவேலின் மனைவி அஞ்சலாட்சி கைக்குழந்தையோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். அந்தக் கைக்குழந்தைக்கு இன்னும் அம்மை ஊசி குத்தவில்லை. "பல்லு மொளைக்கட்டும்" என்று அவள் சொன்னதற்கு இவரும் தலையாட்டியிருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்!

அடுத்த அமாவாசைக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, முகத்தில் கொப்புளம் அரும்பியது. வடிவேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தார். மூடியிருந்த சின்னக் கையைப் பிரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"பாத்துச் சொல்லுய்யா. சின்னதுதானே?"

பிரித்தார். பிறகு காலைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த அஞ்சலாட்சிக்குச் செல்வாம்பாள் வீட்டுக்குள் பாய் மறைத்திருந்தது நினைவுக்கு வந்தது. தலைவிரிகோலமாக அங்கே ஓடினாள்.

"பாவி, வாசல்ல ரெண்டு கொத்து கட்டியிருந்தா நான் உள்ள வந்திருப்பனாடி?"

"கட்டியிருந்தா உம் புருசன் எம் புள்ளய வுட்டிருப்பாரா?" என்றாள் செல்வாம்பாள்.

திரும்பி வந்தவள் கணவன் கையில் வேப்பங்கொத்தைக் கண்டு பிடுங்கி எறிந்தாள்.

"கட்டாத! வண்டி வந்துடும். எம் புள்ள எம் மடியிலயே கெடக்கட்டும்."

விடிந்ததும் பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி, இடுப்பில் குழந்தையோடு, அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். வராதே என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

வடிவேல் ஒதுங்கி வழிவிட்டார்.