முத்துமீனா ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

டினா டர்னர் இறந்ததற்கு மதுரையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டியவள், இந்தக் கதைக்குத் தெரிந்தவரை, ஒருத்திதான். கச்சேரிப் பாடகி முத்துமீனா. அமெரிக்காவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் கண்ணை மூடிய ராக் பாடகிக்கும், திருமங்கலத்தில் பிறந்து செல்லூரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று தெருவே கேட்டது. சம்பந்தம் இருந்தது.

முத்துமீனாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சீனியம்மாள். பத்தொன்பது வயதில் மருதுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். மருது கீபோர்டு வாசிப்பான், சொந்தமாக ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தான். "சீனியம்மாள்னு போட்டா எவன் வந்து உக்காருவான்?" என்று அவன்தான் பெயரை மாற்றினான். குழுவுக்கும் அதையே சூட்டினான்: முத்துமீனா இன்னிசைக் குழு. பெயர் அவன் வைத்தது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை மேலூர் முதல் உசிலம்பட்டி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது இவள் தொண்டை. அலங்காநல்லூர்ப் பக்கம் இவள் பாட்டைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு முத்துமீனா என்று பெயரிட்ட வீடுகள் மூன்று உண்டு. மூன்று பிள்ளைகளின் காதுகுத்துக்கும் இவள்தான் போய்ப் பாடினாள்.

மருதுவுக்கு வாசிக்கவும் தெரியும், அடிக்கவும் தெரியும். விழாக் கமிட்டிக்காரர் யாராவது அவளை மட்டும் புகழ்ந்துவிட்டால் போதும், திரும்பி வரும் வேனில் அதற்குத் தனிக் கச்சேரி நடக்கும். பதினெட்டு வருடம் பொறுத்தாள். 2019-ல் ஒருநாள் முன்பல் ஒன்று உடைந்தது. பல் போனால் சொல் போச்சு என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, பாடுகிறவளுக்குப் பிழைப்பு. திருமங்கலத்தில் டீ குடிக்க வேன் நின்றபோது இறங்கினாள், நான்கு வழிச்சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள், வந்த பஸ்ஸில் ஏறினாள். அதன்பிறகு அந்த வேனில் அவள் கால் வைக்கவில்லை.

கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றன. மறுபடி மேடை போட ஆரம்பித்தபோது மருது தங்கப்பொண்ணு என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பிடித்து வந்து, முகத்தில் பாதியை மைக் மறைக்கிற மாதிரி படம் எடுத்து, முத்துமீனா என்று போஸ்டர் போட்டான். அவளும் முத்துமீனாவாகவே பாடினாள். நிஜ முத்துமீனா 'தனிக் கச்சேரி' என்று போஸ்டர் அடித்தால், காலையில் ஒட்டியதன் மேல் மாலைக்குள் மருதுவின் போஸ்டர் ஏறிவிடும். கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸும் வந்தது. முத்துமீனா என்ற பெயர் மருதுவின் குழுவுக்குப் பதிவாகியிருக்கிறது, கச்சேரி விளம்பரம் எதிலும் அவள் அதைப் போடக் கூடாது என்று அதில் இருந்தது.

தல்லாகுளம் தாண்டிக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். விவாகரத்துக்கு என்ன கேட்கலாம் என்று அவளுடைய வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"வீடு வேணாம் சார். நகை, வண்டி ஒண்ணும் வேணாம். எம்பேரு மட்டும் வேணும்."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். பேரை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வாய், நாக்கு வழிக்கவா என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுடையது உடும்புப் பிடி. அடுத்த வாய்தாவுக்கும் அதையேதான் சொன்னாள்.

டினா டர்னரை அவளுக்குக் காட்டியவர் அசாருதீன். கோரிப்பாளையத்தில் போஸ்டர் வடிவமைக்கும் கடை வைத்திருந்தார். மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், காலமானாலும் போஸ்டர் என்பதால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வேலை செய்யும்போது இங்கிலீஷ் பாட்டு ஓட வேண்டும் அவருக்கு. ஒருநாள் கம்ப்யூட்டரில் ஒரு பெண் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு, மேடை அதிர ஆடிப் பாடிக்கொண்டிருந்தாள். முத்துமீனா நின்று பார்த்தாள். மொழி புரியவில்லை, ஆனால் அந்தக் குரலில் இருந்த ரோஷம் புரிந்தது.

"யாரு தம்பி இது?"

"அக்கா, உங்க கதையேதான் இந்தம்மா கதையும்," என்றார் அசாருதீன். "அப்பா அம்மா வச்ச பேரு வேற. புருசன்தான் டினான்னு வச்சான். அந்தப் பேரைத் தன் பேருக்குப் பதிஞ்சும் வச்சுக்கிட்டான், இவ போனா இன்னொருத்திய அதே பேர்ல மேடையேத்தலாம்னு. அடி தாங்காம எழுபத்தாறாம் வருசம் ஒருநாளு பெரிய ரோட்டை ஓடித் தாண்டித் தப்பிச்சிருக்கு. கையில வெறும் சில்லறை."

"எத்தன வழி ரோடு?"

"அதெல்லாம் தெரியலக்கா."

"நான் நாலு வழி. சரி, சொல்லுங்க."

"கோர்ட்டுல எல்லாத்தையும் விட்டுட்டுப் பேரை மட்டும் வாங்கிட்டு வந்துச்சு. ஓட்டல் ஓட்டலாப் போய்ப் பாடுச்சு. நாப்பத்து நாலு வயசுல ஒரு பாட்டு அமெரிக்காவுலயே மொத எடம்."

முத்துமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே கிறுக்குத்தனம் என்று சொன்ன ஒரு வழக்கை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நடத்தி ஜெயித்திருக்கிறாள். அதுமுதல் அந்தப் படம் அவள் செல்போனின் முகப்பில் இருந்தது. அப்போது அவளுக்கு வயது நாற்பது. இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

2023 மே இருபத்தைந்தாம் தேதி காலையில் அசாருதீன் போன் செய்து, "அக்கா, டினா டர்னர் மவுத்தாயிட்டாங்க," என்றார். முத்துமீனா அடுப்பை அணைத்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"போஸ்டர் போடணும் தம்பி. கண்ணீர் அஞ்சலி. கீழ எம்பேரும் போட்டாவும்."

அசாருதீன் தயங்கினார். "அந்த நோட்டீஸு?"

"கச்சேரிக்குத்தான போடக் கூடாது? சாவு கேதத்துக்கு எவனும் தடை வாங்கலயே."

தோற்றம், மறைவு, நடுவில் டினா டர்னரின் பெரிய படம். அடியில் 'ஆழ்ந்த துயரத்துடன்: பாடகி முத்துமீனா, செல்லூர்'. பெயரைச் செத்தவரின் பெயரைவிடச் சிறிதாகத்தான் போட வேண்டும் என்று அசாருதீன் சொன்னார். சிறிசாவே இருக்கட்டும், பஸ்ஸில் போகிறவன் படிக்கிற அளவுக்கு இருந்தால் போதும் என்றாள்.

ஒட்டுவதற்கு நல்லகாமன் வந்தான். மருதுவுக்கும் இவளுக்கும் போஸ்டர் ஒட்டுகிறவன் அவன். இவள் போஸ்டர் மேல் மருதுவின் போஸ்டரை ஒட்டியதும் இவன்தான். கேட்டால், "ரெண்டு பேரும் எனக்கு மொதலாளிதான்க்கா," என்பான். ஆனால் அவனுக்கும் ஒரு தர்மம் இருந்தது. சாவுப் போஸ்டர் மேல் பதினாறு நாள் கழியாமல் வேறு போஸ்டர் ஒட்ட மாட்டான். அந்தப் பாவத்தை எந்த மைதாப் பசையாலும் ஒட்ட முடியாது என்பது அவன் வாதம்.

"அலங்காநல்லூர்ப் பக்கம் நெறைய ஒட்டு," என்றாள் முத்துமீனா. "எம்பேரு தெரிஞ்ச ஊரு."

மறுநாளே மருது அவனைக் கூப்பிட்டு அதையெல்லாம் மூடச் சொன்னான். நல்லகாமன் முடியாது என்றுவிட்டான். நாலு வருடத்தில் முதல்முறையாக இரண்டாம் நாளும் சுவரில் அவள் பெயர் மேல் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஆனால் போஸ்டர் என்றால் மதுரைக்காரர்களுக்கு வெறும் காகிதமில்லை, செய்தி. கீழே யார் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் சாவு. முதல் நாள் எதிர்வீட்டுக்காரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் நாள் திருமங்கலத்துச் சொந்தங்கள் வந்து, நமக்குத் தெரியாமல் யாரடி இந்த அத்தை என்று கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில் அலங்காநல்லூருக்கு வடக்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ரோஜா மாலையோடு சுருளி வந்தார்.

சுருளி அந்த ஊர் அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். அந்த மேடையில் முத்துமீனா பதினாறு வருடம் பாடியிருக்கிறாள். கேத வீட்டு முறைப்படி வணக்கம் சொல்லாமல் உள்ளே வந்து, பேசாமல் உட்கார்ந்தார்.

"அத்தையா தாயி?" என்றார் கடைசியில். "முகம் நம்ம சனம் மாதிரிதான் இருக்கு. முடிதான் கொஞ்சம் வேற மாதிரி."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "மனசு சங்கடமா இருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் மொத திருவிழா. அடுத்த வாரம் ஒங்க கச்சேரின்னு மருதுகிட்ட வெத்தல பாக்கு வச்சிருக்கோம். கேதக்காரவுக சாமி மேடை ஏறக் கூடாதே தாயி. நிப்பாட்டிருவோம்னு அவருக்குப் போன் அடிச்சேன். நேர்ல வாரேன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, வேன் வந்து வாசலில் நின்றது. மருது இறங்கினான், பின்னால் தங்கப்பொண்ணு.

"ஐயா, கச்சேரிய நிப்பாட்ட வேண்டிய அவசியமே இல்ல," என்றான் மருது. "இந்தம்மா எங்க குழுவே இல்ல. எங்க குழுவுல பாடுறது வேற ஆளு. அதுக்குக் கேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கமிட்டில நாலு பேரு கேப்பாகளே. எழுதிக் குடுத்துருங்க," என்றார் சுருளி.

மருது வேனுக்கு ஓடிப்போய் குழுவின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து வந்தான். 'கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உள்ள பாடகி முத்துமீனா எங்கள் குழுவைச் சேர்ந்தவர் அல்ல. எங்கள் குழுவில் பாடுபவர் வேறு ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கையெழுத்தால் கெட்டான்.

சுருளி நிதானமாகப் படித்தார். "அப்ப பாடகி முத்துமீனா இந்தத் தாயிதான்?"

மருது அப்போதுதான் விழித்தான். "அது வந்துங்கய்யா..."

"நாங்க வெத்தல பாக்கு வச்சது முத்துமீனாவுக்கு. அது ஒங்க குழுவுல இல்லேன்னு நீங்களே எழுதிட்டீக. பெறகு ஒங்களுக்கும் எங்களுக்கும் என்ன பேச்சு?"

மருதுவுக்கு முகம் கறுத்தது. "இவளும் பாட முடியாது. கேதம்ல?" என்றான். உடனே, கேதம் என்றால் கச்சேரியே நின்றுவிடும் என்று பட்டதோ என்னவோ, "கேதம் என்ன கேதம். அவ யாரோ அமெரிக்காக்காரி, இவளுக்கு ஒட்டுமில்ல உறவுமில்ல," என்றான்.

சுருளி முத்துமீனாவைப் பார்த்தார். சாமி காரியத்தில் அத்தை என்று பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ரத்த உறவு இல்லங்கய்யா," என்றாள். "அந்தம்மாவுக்கும் எனக்கும் ஒரே வழக்கு. அவுக ஜெயிச்சாக. அந்த மரியாதைக்கு ஒட்டுனது."

அது என்ன வழக்கு என்று சுருளி கேட்கவில்லை. அவள் உடைந்த பல்லையும் மருதுவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரத்தமில்லேன்னா தீட்டும் இல்ல. வந்து பாடு தாயி. வாசிக்கிறதுக்கு இவரு குழுவே வரட்டும், ஒருநாளு கூத்துதான."

சமாதானம் பேசுகிற ஊர்ப் பெரியவர் அப்படித்தான் சொல்வார். முத்துமீனா எழுந்து நின்றாள்.

"அந்த வேன்ல நான் ஏற மாட்டேங்கய்யா. பென்டிரைவ்ல மியூசிக் கொண்டுவாரேன், ஒங்க ஊரு மைக்செட்டு போதும். ஒத்தையில பாடுறேன். எம்பேரு போட்டு நோட்டீஸ் அடிங்க."

"சரி தாயி."

"இன்னொண்ணு." தங்கப்பொண்ணுவின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் வந்ததிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்பேரு என்ன?"

"மு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "தங்கப்பொண்ணு."

"இந்தப் புள்ளைக்கும் ஒரு பாட்டு குடுங்கய்யா. அதோட சொந்தப் பேர்ல."

மருது கத்தினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாளை மடிக்கப் போன சுருளியிடம் வாங்கி, முத்துமீனா தன் செல்போனில் இரண்டு முறை படம் எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது சுருளி, "போயிட்டு வாரேன் தாயி," என்று வாய் நிறையச் சொன்னார். கேத வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த வக்கீல் பேனாவை மறுபடி திறந்தார். வழக்கு முடிய மேலும் பதினோரு மாதம் ஆயிற்று. வீடும் நகையும் வண்டியும் மருதுவுக்கே போயின. தீர்ப்பு நகலை முத்துமீனா ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள். அதில் அவள் பெயர் இருக்கிறது.

ஆனால் அவளைக் கேட்டால், ஜெயித்தது கோர்ட்டில் இல்லை, அந்தத் திருவிழா அன்று என்பாள். பொழுது சாயும் நேரம், மேடைக்கு முன்னால் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. அவள் பெயரைத் தாங்கிய மூன்று பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். தங்கப்பொண்ணு யாரிடமும் சொல்லாமல் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். மேடையோரத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். சுருளி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார்.

"முதலில் பாட வருகிறார், பாடகி தங்கப்பொண்ணு."

அந்தப் பெண் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளி இரண்டாம் முறை கூப்பிட்டார்.

முத்துமீனா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஒன்னத்தான்டி. எந்திரி."