பறிபோன பி.டி. பீரியட்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கல்யாணமான மறுநாளே விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவள். முழங்கால் தேய்ந்த பிறகும் தானே தாண்டிக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். டாக்டர் சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

பரீட்சை நெருங்கியதும் கணக்கு வாத்தியார் அவளிடம் வந்து நின்றார்.

"டீச்சர், எட்டாம் வகுப்பு பி.டி. பீரியட் இந்த மாசம் முழுக்க எனக்கு. ஹெச்.எம். சொல்லிட்டாரு."

"அப்ப என் பிள்ளைங்க எப்ப சார் ஓடுறது?"

"ஓடி என்னத்தக் கிழிக்கப் போறாங்க?"

அவள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பீரியட் போனால் போகட்டும், ஓட்டம் நிற்கக் கூடாது. மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கே எட்டாம் வகுப்பை வரச்சொல்லி, பள்ளி மணி அடிக்கும்வரை மைதானத்தைச் சுற்றவிட்டாள். ஒரு பிள்ளைகூட மட்டம் போடவில்லை.

நாலாம் நாள் கணக்கு வாத்தியார், சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"தாயே, உங்க பீரியட நீங்களே வச்சுக்கோங்க. நான் போர்டுப் பக்கம் திரும்பினா போதும், மொத்த வகுப்பும் குறட்டை விடுது."

அவள் சிரிக்கவில்லை.

"அத ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க சார். பீரியட எடுத்துக்கோங்கன்னு அவரு வாயால சொல்ற வரைக்கும் அஞ்சரை மணிதான்."