உமரிக்கீரையில் விழுந்த உப்பு

என் தம்பி பெண்டாட்டி ஆனந்தியை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. அவளைப் பற்றி நாலு வார்த்தை உண்மையாகச் சொல்லவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

அவள் வேதாரண்யத்துப் பக்கத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் உப்பளத்தில் கூலி. பத்தாவது முடித்ததும் அவளும் உப்பு வாரப் போனாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்த என் தம்பி பாலகுமார், ஒருநாள் லாரியில் அவளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் மலைமேல் இருக்கும் எங்கள் போளூர் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். மலைக்குளிர் தாங்காமல் மூன்று மாதம் இருமினாள். பூண்டுக் காட்டில் களையெடுக்கச் சொன்னால் பூண்டையும் சேர்த்துப் பிடுங்கினாள். இவள் எத்தனை நாளைக்குத் தாங்குவாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். தாங்கிவிட்டாள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் என் அப்பா சோலைமுத்து எனக்கென்று ஒரு ஏக்கர் வாங்கியிருந்தார். போர் போட்ட பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் உப்பு. கோடையில் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பருத்தி கருகியது. தென்னங்கன்றும் போனது. எனக்கு வேண்டாம் என்று நானே உதறிவிட்ட நிலம் அது. ஆனந்தி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். தன் ஊருக்குப் போய் ஈரச் சாக்கில் உமரிக்கீரைத் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு வந்து நட்டாள். கடலோரத்துக் கீரை, உப்பு மண் அதற்குத் தாய்வீடு. கொழுகொழுவென்று படர்ந்தது. தம்பி லாரியில் மலைக்கும் ஏற்றிவந்தான்.

கொடைக்கானல் ஹோட்டல்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். ஒரு கல்லூரியிலிருந்து வந்து பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நிறைய இருக்கிறது, ஆனால் உப்பும் ஏகமாய் இருக்கிறது, பார்த்துச் சமைக்கவேண்டும் என்றார்களாம். அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டு தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டி, ஒட்டப் பிழிந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ப்பாள். உப்பு டப்பாவைத் தொடமாட்டாள்.

அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பில்லாத சோற்றை வைத்தால் தட்டு பறக்கும். அந்த மனுஷன் இவள் கீரையை மட்டும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஆறு மாதத்தில் கொதிப்பு இறங்கியிருக்கிறது என்று நர்ஸம்மா சொல்ல, அப்பா தலைகால் புரியாமல் ஆடினார். "வார தையில அந்த நெலத்த ஆனந்தி பேருக்கே எழுதிருவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பழனியில் என் புருஷன் கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சேதி வந்தது. மறுநாளே பூண்டு எடுக்க ஒத்தாசை என்று சாக்குச் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போளூருக்கு ஏறிவிட்டேன்.

எங்கள் அம்மா சாகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் சமைத்தாலும் உப்புப் போடுகிற கை என்னுடையது. கல்யாணமாகிப் போன பிறகும், வந்தால் நான்தான் போடுவேன், யாரும் கேட்டதில்லை. முதல் நாள் ஆனந்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சமயம், கீரைச் சட்டியில் கல்லுப்பை ஒரு பிடி போட்டுக் கிளறினேன். அப்பாவுக்கு ஆகாது என்று தெரியாதா? தெரியும். கொஞ்சம் ஏறட்டும், அடுத்த தடவை நர்ஸம்மா பார்க்கும்போது இந்தக் கீரையின் பவுசு இறங்கட்டும் என்றுதான் போட்டேன். பிழிந்த பிறகும் கீரையில் உப்பு தங்கியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "இன்னைக்குத்தான் ஆனந்தி கீர வாய்க்கு வெளங்குது" என்றார்.

அந்தப் பாராட்டும் அவளுக்கே போனது. எனக்கு வெறி வந்துவிட்டது. மறுநாள் ஒன்றரைப் பிடி. தன் பங்கை அவள் தனியாக எடுத்து வைத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள், அதனால் அவளுக்குத் தெரியவில்லை. இப்படி எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா வாசலில் நிலைகுலைந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. லாரியிலேயே போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பாலகுமார் பெண்டாட்டியைத் திட்டினான். "ஏலே, கண்ட களையையும் அறுத்துப் போட்டா இப்பிடித்தான்" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். அவள் அப்பாவின் தலையை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஆனந்தியிடம் விசாரித்தார்.

"சாப்பாட்டுல உப்பு எப்படிம்மா?"

"போடுறதே இல்ல சார். கீரையக்கூட ரெண்டு தண்ணி வடிச்சுத்தான் குடுக்குறேன்."

"நிச்சயமா?"

"எந் தாலி மேல சத்தியம் சார்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "உப்பே சேக்காம இவ்வளவு ஏறியிருக்குன்னா இப்ப குடுக்குற மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம். வீட்டுக்குப் போனப்புறமும் ரெண்டு மடங்கா போடணும்."

"ரெண்டு மடங்கு போட்டா ஒண்ணும் ஆகாதா சார்?" என்றான் தம்பி.

"தேவையில்லாதவங்களுக்குப் போட்டா கொதிப்பு ஒரேயடியா எறங்கி ஆள் விழுந்துருவாங்க. இவருக்குத் தேவைன்னுதானே தெரியுது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நிலம் எனக்கு. கீரையை அழித்து உழுதுவிடுகிறேன், நீயே வைத்துக்கொள் என்று தம்பி லாரியிலேயே சொல்லிவிட்டான். டாக்டர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க சார். உப்பு நாந்தான் போட்டேன்" என்றேன்.

தம்பி கையை ஓங்கிக்கொண்டு வந்தான். டாக்டர் அதட்டி அவனை வெளியே அனுப்பினார். ஆனந்தி என் பக்கம் திரும்பினாள். அழவில்லை, கத்தவில்லை.

"எத்தன நாளா அண்ணி?"

"எட்டு நாளா."

"எவ்வளவு?"

கையைக் குவித்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து அளவை டாக்டரிடம் சொன்னாள். அவர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சொன்னாள்: "மாமாவ வந்து பாருங்க, வேணாங்கல. அடுப்படிக்கு மட்டும் இனிமே வராதீங்க."

பன்னிரண்டு வயதிலிருந்து நான் பற்றவைத்த அடுப்பு அது. சரி என்றேன்.