மதியம் ஒரு மணிக்குத் தறியை நிறுத்தினோம்

செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பல வருடமாக நெய்கிறேன். மேலே சிமெண்ட் ஷீட், கீழே எட்டுத் தறிகள். ஓட்டுகிறவர்கள் நாங்கள் நான்கு பெண்கள், ஆளுக்கு இரண்டு. நான் சேர்ந்த காலத்தில் வைகாசி தாண்டினால் மூச்சு விடலாம். இப்போது மாசியிலேயே ஷீட் காயத் தொடங்குகிறது. புரட்டாசி வரை ஆறுவதில்லை.

முதலாளி மோசமான மனிதர் இல்லை. அவரும் அதே சூட்டில்தான் நிற்பார். வெயிலில் காய்ந்த நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று அடிக்கடி தரையில் தண்ணீர் தெளிப்பார். பிசிறு பறக்கும் என்று மின்விசிறி மட்டும் போட விடமாட்டார். கக்கூஸ் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சாவி அவர் மனைவியிடம். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, நாங்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

பக்கத்துத் தறியில் இருந்த அக்கா சோழவந்தான்காரர். அங்கே வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளும் வேலை பார்த்தவர். அனல்காற்றில் கொடிகள் கருகி, நிலத்துக்காரர் வெற்றிலை பயிரிடுவதையே விட்டதும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். "அங்க வெயிலு வெத்தலையத் தின்னுச்சு. இங்க நம்மளத் திங்குது" என்று சிரிப்பார்.

போன சித்திரையில் ஒரு மதியம் அவர் தறியில் நூல் அறுந்து கிடந்தது. அக்கா அதை முடிச்சுப் போடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன். பேச்சு குழறியது. கையைத் தொட்டால் கொதித்தது, துளி வியர்வை இல்லை. அப்படியே சரிந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"காலையில ஒரு காப்பி குடிச்சாக" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. இனி சூட்டில் நின்று வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த முதலாளி ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "என்ன செய்ய, வெயிலு என் கையிலயா இருக்கு?" என்றார்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். கல்லூரியில் படிக்கிறாள். "நிலக்கரி, பெட்ரோல்னு எரிச்ச புகைதாம்மா பூமியச் சூடாக்குது. நம்ம தறி ஓடுற கரண்டுலயும் அது இருக்கு, கே.கே. நகர் பணக்கார வீட்டு ஏசி ஓடுற கரண்டுலயும் இருக்கு. ஆனா எல்லாரும் ஒரே அளவா எரிக்கல. கொஞ்சமா எரிச்சவுகதான் மொதல்ல விழுறாக" என்றாள்.

அன்று ராத்திரி முதலாளி கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் முதலாளி கையில் இல்லை, சரி. தறியின் சுவிட்ச் என் கையில் இருந்ததே.

மறுநாள் காலை மற்ற இரண்டு பேரிடமும் பேசினேன். மதியம் ஒரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் தறிகளை நிறுத்தினோம். முதலாளி ஓடி வந்தார்.

"கரண்டு போயிருச்சா?"

"இல்லண்ணே, நாங்கதான் நிறுத்துனோம். இனிமே ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஓடாது. காலையில அஞ்சுக்கே வாரோம், சாயங்காலம் மிச்சத்த முடிக்கிறோம். கக்கூஸ் சாவி இங்க, கூடத்துலயே தொங்கணும்."

"ஆர்டரு கேக்குறவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நூலு அறுந்துரும்னு தண்ணி தெளிக்கிறீகள்ல. நாங்க நூலவிடக் கேவலமா?"

"அப்ப நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

"பாருங்கண்ணே" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மற்ற இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் வீட்டில் இருந்தோம். புதிதாக வந்த இரண்டு ஆட்கள் இரண்டாம் நாள் மதியமே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். ஐந்தாம் நாள் முதலாளி என் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கு அஞ்சுக்கு வந்துருங்க."

"சாவி?"

"ஆணியில மாட்டிட்டேன்."

கூரைக்குச் செலவழிக்க மட்டும் அவர் ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே ஏணி போட்டு ஏறி, ஷீட்டுக்கு மேல் பலகை போட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். சூடு கொஞ்சம் குறைந்தது. போய்விடவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "நான் விழுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்ல" என்றார்.

வெயில் தணிந்த மாதங்களில் பழைய நேரத்துக்கே போயிருந்தோம். இந்த வருடம் மாசி பிறந்த அன்றே நேரத்தை மாற்றிவிட்டோம், யாரையும் கேட்கவில்லை. எதிர்ச் சந்துக் கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். "ஒங்க மொதலாளிகிட்ட என்னக்கா பேசுனீக? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்கள்.

"சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? நடங்க, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டினேன்.