இரண்டு படங்களில் ஒரே வளையம்

எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். நானெல்லாம் பத்திரிகைக்கு எழுதலாமா என்று பல நாள் தள்ளிப்போட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஊர் ஆரணி, எனக்குப் பட்டு நெசவு. அக்கா குடும்பமும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா மகளை எனக்குக் கொடுப்பதாகத் தட்டு மாற்றி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. முகூர்த்தப் புடவையை நானே நெய்துகொண்டிருந்தேன்.

அவளுக்கு வெயிலில் கண் திறக்காது. எதிரே வருவது யார் என்று கிட்டே வந்தால்தான் தெரியும். பொழுது சாய்ந்தால் தடுமாறாமல் நடப்பாள். "ஆந்தை" என்று கேலி செய்வதே நான்தான். எனக்கும் வெயிலில் கண் கூசும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி போட்டும் அவளுக்குச் சரியாகவில்லை. கல்யாணத்துக்கு முன் காட்டிவிடுவோம் என்று அக்கா எங்களைச் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கையில் மஞ்சள் மருந்தை ஊசியாக ஏற்றி, அது கண்ணுக்குள் ரத்தக் குழாய்களில் ஓடும்போது போட்டோ எடுப்பார்களாம். ஊசி என்றதும் அவள் பிடிவாதம் பிடித்தாள்.

"மாமா, நீ போட்டுக்கினாதான் நானும் போட்டுக்குவேன்."

டாக்டர் சிரித்தார். "ரத்த சொந்தம்தானே? அவருக்கும் எடுத்தா ஒப்பிட்டுப் பார்க்க நல்லதுதான்" என்றார். நல்ல கண் எப்படி இருக்கும் என்று காட்டப் போகிறேன் என்ற நினைப்பில் நானும் மிதப்பாக உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருவர் உடம்பும் மஞ்சளாகிவிட்டது. அவள் என் கையைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா மாமா, ஊருக்குப் போறதுக்குள்ள இங்கயே நமக்கு நலங்கு வெச்சுட்டாங்க!" அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

பிலிம் கழுவி வரச் சாயங்காலம் ஆனது. டாக்டர் இரண்டு படங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். இரண்டிலும் அப்படியே இருந்தது. எது என் கண், எது அவள் கண் என்று கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

"பகல் பார்வையும் கலரும் தெரியவைக்கிற பாகம் ரெண்டு பேருக்கும் தேயுது. பரம்பரையா வர்றது. மருந்து கிடையாது" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவனுக்கு என்னாங்க? பட்டு நெய்யறான். ஒரு நாளு கலர் தப்புனதில்ல!"

"தம்பி, அக்கா கட்டியிருக்கிற புடவை என்ன கலர்?"

"அரக்குங்க" என்றேன்.

"பச்சைடா" என்றாள் அக்கா. அவள் குரலே மாறிப்போயிருந்தது.

தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அக்காதான். உடல் நூலை இடது பக்கமும், கரை நூலை வலது பக்கமும் வைப்பாள். நான் பக்கத்தைப் பார்த்து எடுப்பேனே தவிர நிறத்தைப் பார்த்ததில்லை. அது அன்றுவரை எனக்கே தெரியாது.

அக்கா புருஷனும் எங்கள் அத்தை மகன்தான். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று உள்ளுக்குள்ளேயே கொடுத்து வாங்குகிற வழக்கம். அக்கா இதைச் சொன்னதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, பொறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இது வரும்னுதான் நினைக்கிறேன்."

திரும்பும்போது, பஸ் செய்யாறு தாண்டிய பிறகு அவள் சொன்னாள். "நம்ம கண்ணு நம்மளோட போவட்டும் மாமா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணம் அந்த பஸ்ஸிலேயே நின்றுபோனது.

என் கண்ணால் நான் பார்ப்பதுதான் உலகம் என்று இருந்த எனக்கு, அதன் பிறகு யார் கண்ணையும் கேலி செய்ய வாய் வந்ததில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் தறியில் உட்கார்ந்தேன். அக்கா நூலைக் கொண்டுவந்து வைத்து, "இது அரக்கு, இது பச்சை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.