இறால் கூடையில் பிழைத்த புரதம்

என் சர்க்கரை ஊசிமருந்தை நேற்று ஒரு பையன் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தான். மூடியைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. கூடவே இறால் வாசனை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எழுபதுகளில் ஆரம்பாக்கம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பாக்டீரியாவின் வாலிலிருந்து பிரித்த புரதத்தை, எலிக்குட்டிக்குப் பிறந்த அன்றே ஊசியில் ஏற்ற வேண்டும். அன்றைக்கே அறிமுகமாகிவிட்டால், வளர்ந்த பிறகு அதன் உடம்பு அந்தப் புரதத்தோடு மல்லுக்கு நிற்காது. நம்ம ஆள் என்று விட்டுவிடும். நாள் தவறினால் அந்தச் சலுகை கிடையாது. முதல் இரண்டு ஈற்றுக் குட்டிகளையும் தாய் எலிகளே தின்றுவிட்டன. என் கையிலிருந்த ஸ்பிரிட் வாசனைதான் காரணமாம். அடுத்ததும் போனால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக டைரக்டர் சொல்லிவிட்டார். என் வேலையும் அதோடு சரி.

புரதம் தயாராவது மெட்ராஸில். குட்டி போட்ட தகவல் வந்ததும், குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு அங்கே பாசஞ்சர் ஏறினேன். பொன்னேரி தாண்டி வண்டி குலுங்கி நின்றது. பிளாஸ்க் விழுந்து உள்கண்ணாடி நொறுங்கியது. குப்பி தப்பியது, ஐஸ் போயிற்று. வண்டி நகர்வதாக இல்லை. வெயில் ஏற ஏற, வெட்கமில்லாமல் அழுதேன்.

எதிரே பழவேற்காட்டு இறால் கூடையோடு தேசம்மாக்கா. தினமும் அதே வண்டியில் பார்க்கிற முகம்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"மருந்து வச்சிருக்கேன்க்கா. சூடானா கெட்டுடும். இன்னிக்குப் பொறந்ததுங்களுக்குப் போடணும்."

"யார் ஊட்டுக் கொயந்த?"

"எலிக்குட்டிங்கக்கா."

பெட்டியே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எலின்னா இன்னா, அதுவும் கொயந்ததானே" என்று கூடை ஐஸை எல்லாம் வாரி என் டிபன் கேரியரில் கொட்டி, குப்பியை நடுவில் புதைத்தார். கேரியரிலிருந்த தயிர்சாதம் சிரித்தவர்களுக்குப் போயிற்று. இறால் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார். வண்டி கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது.

ஊசி போட்ட பின், கூண்டின் மரத்தூளில் கையை நன்றாகத் தேய்த்துக்கொண்டு குட்டிகளைத் தாயிடம் விட்டேன். புண்ணியவதி, தின்னவில்லை. குட்டிகள் வளர்ந்ததும் அதே புரதத்தைக் கொடுத்துப் பார்த்தோம். ரத்தத்தில் எதிர்ப்பின் சுவடே இல்லை. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. மறுநாள் ரயிலில் அக்காவைத் தேடி ஓடினேன்.

"ஒண்ணுமே வரலக்கா!"

"ஒண்ணும் வரலியா? அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

பக்கத்துக் கூடைக்காரிதான் வாயைத் திறந்தாள். "நீ குதிக்கிற. அன்னிக்கி இவ எறா மொத்தமும் நாறிப்பூடிச்சி. கும்முடிப்பூண்டில கொட்டிட்டு வெறுங்கூடயோட போனா."

அக்கா அவளை முறைத்தார். "பேஜாரு பண்ணாத. பொண்ணு சந்தோசமா கீது, உடு."

இப்போது பழவேற்காட்டு இறால் வேனில் போகிறது. எலிகள் இருந்த கட்டடம் இரும்புக் கிடங்காகிவிட்டது. தேசம்மாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்த திசைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். என் பிள்ளைகள் சாப்பிட்டு வளர்ந்தது அந்த வேலையில்தான். அன்றைக்கு அக்காவின் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்களோ.